தோட்டத்துப் பெட்ரோல் கருவிகளைப் பத்திரப்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல் வெட்டும் பிரஷ் கட்டர், களையெடுக்கும் பவர் வீடர், மரம் அறுக்கும் செயின்சா, முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர், சிறிய பெட்ரோல் பம்பு, ஜெனரேட்டர். தமிழ்நாட்டில் தோட்டமோ தோப்போ வைத்திருப்பவர் வீட்டில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். இவை உழைத்துக் கெடுவது குறைவு. டேங்கில் பெட்ரோலைச் சுமந்துகொண்டு மூலையில் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். மெக்கானிக் கடையில் வரிசையாகக் கிடக்கும் பிரஷ் கட்டர்களைப் பார்த்தால் இது புரியும்.

போன முறை நன்றாக ஓடியது. மூன்று மாதம் கழித்து எடுத்தால் கயிறு இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். எஞ்சின் போய்விட்டதா?

பெரும்பாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெட்ரோல்தான் போயிருக்கும்.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் லேசானவை சுமார் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமானவை ஆவியாக 200 டிகிரியை நெருங்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் முதல் இழுப்பில் பற்றிக்கொள்வது அந்த லேசான பகுதியால்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகைக்குள் சித்திரை மாதத்து மதியம் எத்தனை டிகிரி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காற்று போய்வர டேங்க் மூடியில் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியாக லேசான பகுதி பறந்துவிடுகிறது. டேங்கில் மிஞ்சுவதும் பெட்ரோல்தான், ஆனால் எளிதில் பற்றாத பெட்ரோல்.

அடுத்த கேடு கார்புரேட்டரில் நடக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பெட்ரோல் மெல்ல மெல்லப் பிசினாகிறது. டேங்கில் அரை லிட்டர் இருக்கும்போது இது தெரியாது. கார்புரேட்டருக்குள் நிற்பதோ சில துளிகள். அவை வற்றும்போது, பாத்திரத்தின் அடியில் பிடித்த வெல்லப்பாகு போல மஞ்சளாக ஒரு படிவு ஒட்டிக்கொள்கிறது. பெட்ரோல் செல்லும் துளைகளில் சில அரை மில்லிமீட்டர்கூட இல்லாதவை. அவை அடைபட லேசான படிவே போதும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயபிராம் தகடும் விறைத்துப்போய், பெட்ரோலை இழுக்கும் வேலையைச் செய்யாமல் நின்றுவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் எத்தனால்தான் காரணம் என்கிறார்களே?

பாதி உண்மை. எத்தனால் கலக்காத காலத்திலும் பெட்ரோல் பழசாகத்தான் செய்தது, ஜெட் எனப்படும் அந்தக் கார்புரேட்டர் துளை அடைக்கத்தான் செய்தது. எத்தனால் அந்தத் தொல்லையோடு வேறு சிலவற்றைச் சேர்த்திருக்கிறது.

இந்தியாவில் 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. 2022-இல் 10 சதவீதத்தை எட்டினார்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 அறிமுகமானது. 2025-இல் நாடெங்கும் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலே இ20 ஆகிவிட்டது. ஆனால் நம் கையில் இருக்கும் பல கருவிகளின் கையேட்டில் ‘10 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இந்த எஞ்சின் இ20 பெட்ரோலுக்கு ஏற்றதா? கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, கையேட்டில் காட்டச் சொல்லுங்கள்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உடையது. அளவோடு தண்ணீர் சேர்ந்தால் பெட்ரோலிலேயே கரைந்து, எரிந்து போய்விடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக உட்காரும். எஞ்சின் உறிஞ்சும் குழாயின் முனை கிடப்பதும் அதே அடியில்தான். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும் 2-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது உயிர்போகும் விஷயம். நாம் கலந்த 2டி ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். அடியில் உள்ள அடுக்கில் ஆயில் இருக்காது. தப்பித்தவறி எஞ்சின் பற்றிக்கொண்டால், மசகு இல்லாமல் ஓடி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மூடிய டேங்கிற்குள் காற்றின் ஈரம் மட்டுமே புகுந்து பெட்ரோல் பிரிவதற்கு நெடுநாள் ஆகும். தவிர, இ20 கலவை பழைய 10 சதவீதக் கலவையைவிடச் சற்று அதிகத் தண்ணீரைத் தாங்கும். நடைமுறையில் தண்ணீர் வருவது வேறு வழிகளில்தான்: கழுவிவிட்டு உலர்த்தாத கேன், மழையில் நனைந்த மூடி, பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவுக் குளிரில் வியர்க்கும் ஈரம்.

பழைய ரப்பர் குழாய்கள் எத்தனாலில் ஊறி உப்புவதும், பிறகு காய்ந்து வெடிப்பதும் இன்னொரு தொல்லை. கார்புரேட்டரின் உலோகத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈரமும் எத்தனாலும் சேர்ந்து செய்த அரிப்பு.

எத்தனால் இல்லாத பெட்ரோல் வாங்க முடியாதா?

பெரிய நகரங்களில் சில பங்க்குகளில் உயர் ஆக்டேன் பெட்ரோல் தனி விலையில் கிடைக்கிறது. ஆக்டேன் எண் கூடியதாலேயே எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது. பங்க்கில் கேளுங்கள், அல்லது சோதித்துப் பாருங்கள். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர் விட்டு, மேலே 100 மில்லி பெட்ரோல் ஊற்றி, குலுக்கி, சற்று நேரம் வையுங்கள். அடியில் உள்ள தண்ணீர் அடுக்கு 10 மில்லியாகவே நின்றால் எத்தனால் இல்லை. கிட்டத்தட்ட 30 மில்லியாக உயர்ந்தால் அது இ20. திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். சோதித்த பெட்ரோலை எஞ்சினுக்கு ஊற்றக் கூடாது.

இதே முறையில் தண்ணீர் ஊற்றி எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு, மேலே நிற்கும் பெட்ரோலைப் பயன்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வேண்டாம். எத்தனால் போனால் ஆக்டேன் குறையும், தண்ணீர் கொஞ்சம் மிஞ்சும், வாளி வாளியாகப் பெட்ரோலைக் குலுக்குவது தீ விபத்துக்கு அழைப்பு.

டேங்கில் எத்தனை நாள் பெட்ரோலை விட்டுவைக்கலாம்?

முப்பது நாள். சிறிய எஞ்சின் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கெடு அதுதான். முப்பத்தைந்தாவது நாளில் கெட்டுவிடும் என்று பொருளல்ல. நம் கோடையில் இருபது நாளிலேயே மணம் மாறுவதும் உண்டு. அடுத்த ஒரு மாதத்துக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் அன்றே காலி செய்துவிடுங்கள்.

குளிர்நாடுகளில்தான் பனிக்காலத்தில் கருவிகளை ஒதுக்கி வைப்பார்கள். நமக்கு எதற்கு?

நமக்கும் ஒதுக்கி வைக்கும் காலம் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து தை வரை புல் மளமளவென்று வளரும். பிரஷ் கட்டர் ஓய்வில்லாமல் ஓடும். மாசி, பங்குனிக்குப் பிறகு தரை காய்ந்துவிடும், கருவியும் மூலைக்குப் போய்விடும். ஆக, நம் ஊரில் கருவி தூங்குவது வெயில் உச்சத்தில். குளிர்நாட்டுக்காரர்களைவிட நமக்குப் பெட்ரோல் வேகமாகக் கெட இதுவே காரணம். பம்பும் ஜெனரேட்டரும் நேர் எதிர்: ஆண்டு முழுவதும் தூங்கி, புயல் நாளில் எழுப்பப்படுபவை. குமரி, நீலகிரி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் போன்ற இடங்களில் தென்மேற்கு மழையும் உண்டு என்பதால் கணக்கு மாறும். உங்கள் நிலத்தில் புல் எப்போது நிற்கிறதோ அதுதான் உங்கள் நாள்காட்டி.

டேங்கைக் காலியாக வைப்பதா, விளிம்புவரை நிரப்பி வைப்பதா?

இதில் இரண்டு கட்சி உண்டு. நிரப்பினால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, ஈரம் சேராது என்பது ஒரு கட்சி. ஒரு துளிகூட இல்லாமல் காலி செய்தால் கெடுவதற்கு எதுவுமே இல்லை என்பது மற்றொன்று. பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும் ஃபியூவல் ஸ்டெபிலைசர் திரவத்தைக் கலந்து, மூடிய குளிர்ந்த அறையில் வைத்தால் முதல் கட்சிக்காரர்கள் சொல்வதும் நடக்கும். நம் வெப்பத்திலும் பிளாஸ்டிக் டேங்கிலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர் பிடிக்கும் டேங்கிற்குக் காலி செய்வதே சரி. பழைய இரும்பு டேங்க் உள்ள ஜெனரேட்டர் மட்டும் விலக்கு. காலியாக விட்டால் உள்ளே துருப்பிடிக்கும் என்பதால் அதற்கு மற்ற முறையை யோசிக்கலாம்.

அரை டேங்க் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராது.

பிரஷ் கட்டரைச் சரியாக ஒதுக்கி வைப்பது எப்படி?

அரை மணி நேர வேலை. எஞ்சின் ஆறிய பிறகு, வெளியில், நிழலில் வைத்துச் செய்யுங்கள். டேங்கில் இருப்பதைப் புனல் வைத்துக் கேனில் ஊற்றுங்கள். குழாய் போட்டு வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெட்ரோல் தவறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கையால் அழுத்தும் சிறிய பம்பு ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கிறது.

மூடியைப் போட்டு, வழிந்ததைத் துடைத்து, ஆவி கலையச் சற்றுப் பொறுத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஓடவிடுங்கள். கார்புரேட்டரிலும் குழாயிலும் மிச்சமிருப்பது தீர்ந்ததும் தானாக நிற்கும். சோக் போட்டு மறுபடி இழுங்கள். சில நொடி ஓடி நிற்கும். இனி பற்றவே இல்லை என்னும்வரை செய்யுங்கள். பலர் டேங்கைக் கவிழ்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். கெடப்போவது டேங்க் அல்ல, கார்புரேட்டர். அதற்குள் நிற்கும் அந்தச் சில துளிகளுக்காகத்தான் இந்தப் பாடு. 2-ஸ்ட்ரோக் எஞ்சினை வேகம் கூட்டிக் காயவிடாதீர்கள். பெட்ரோல் தீரும் நேரத்தில் ஆயிலும் தீர்ந்திருக்கும்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி சுத்தமான ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுங்கள். சிலிண்டர் சுவரில் ஆயில் படரும், கடற்கரை ஊர்களில் இது துருவிலிருந்து காப்பாற்றும். இழுக்கும்போது முகத்தை அந்தத் துளைக்கு நேராக வைக்காதீர்கள், ஆயில் தெறிக்கும். பிளக்கைத் திரும்பப் பொருத்தி, கயிறு கனமாகும் இடம்வரை இழுத்து விட்டுவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் பஞ்சு வகையாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் இதழ்களுக்கிடையே புல்தூள் அடைத்திருக்கும், பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கம்பியின் முனையில் உள்ள கியர் பெட்டியில் கிரீஸ் குறைந்திருந்தால் நிரப்புங்கள். பிளேடில் ஒட்டியிருக்கும் புல்சாறு இரும்பை அரிக்கும். துடைத்து ஆயில் தடவி வையுங்கள்.

புல் வெட்டும் நைலான் கயிற்றை மட்டும் வெயிலில் விடாதீர்கள். ஈரம் வற்றினால் நைலான் முறுகிப்போய், அடுத்த பருவத்தில் துண்டு துண்டாக உடையும். பயன்படுத்துவதற்கு முந்தைய இரவு தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி வளைந்துகொடுக்கும்.

பவர் வீடர், பம்பு போன்ற 4-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும் இதேதான், இன்னும் எளிது. பெட்ரோல் குழாயில் ஒரு திருகு அடைப்பான் இருக்கும். அதை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் தொங்கும். அதன் கீழே உள்ள போல்ட்டைத் தளர்த்தினால் மிச்சம் வடிந்துவிடும். வடிந்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர்க் குமிழ்களோ துருவோ தெரிந்தால் டேங்கையும் கழுவ வேண்டும்.

எஞ்சின் ஆயிலை ஒதுக்கி வைப்பதற்கு முன்பே மாற்றுங்கள், பிறகு அல்ல. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். மாதக்கணக்கில் அதில் உலோகத்தை ஊறப்போடுவது நல்லதல்ல. பம்பாக இருந்தால் தண்ணீர் அறையில் உள்ள வடிகால் திருகையும் திறந்துவிடுங்கள். சேறு உள்ளே உறைந்தால் இறக்கைச் சக்கரம் சுற்றாது.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்களிலும் 4-ஸ்ட்ரோக் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆயில் ஊற்றத் தனி வாய் இருந்தால் அது 4-ஸ்ட்ரோக். அதற்கு வெறும் பெட்ரோல்தான், ஆயில் கலக்கக் கூடாது.

ஃபியூவல் ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

வாங்கலாம், எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொண்டால். புதுப் பெட்ரோல் பிசினாவதை அது தள்ளிப்போடும். கெட்ட பெட்ரோலை மீட்காது. பிரிந்த தண்ணீரை மாயமாக்காது. பங்க்கிலிருந்து வந்த அன்றே கேனில் கலந்து, எஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓட்டி கார்புரேட்டர்வரை அது போய்ச்சேரச் செய்ய வேண்டும். ஜெனரேட்டர்காரர்களுக்கு உதவும். பிரஷ் கட்டருக்கு அந்தக் காசை ஒரு புதுப் பிளக்கில் போடலாம்.

2டி ஆயில் எவ்வளவு கலப்பது? மிஞ்சிய கலவையை வைத்துக்கொள்ளலாமா?

கையேடு சொல்வதே அளவு. 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூட்டி ஊற்றினால் பிளக் கருகும், சைலன்சர் அடைக்கும். குறைத்தால் பிஸ்டன் போகும். மூடியால் அளக்காதீர்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள், துல்லியமாக இருக்கும்.

டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற ஜப்பானியத் தரக்குறி போட்டிருக்கும் ஆயில் குறைந்த புகையும் கரியும் விடும். படகு எஞ்சினுக்கான ஆயிலை மீனவ ஊர்களில் சிலர் மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றுகிறார்கள். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது. காற்றால் குளிரும் நம் கருவியின் சூட்டுக்கு அது உகந்ததல்ல.

மிஞ்சிய கலவைக்கும் அதே ஒரு மாதக் கெடுதான். அதனால் அன்றைய வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கலக்குங்கள். வெறும் பெட்ரோலாக மிஞ்சினால் பைக்கில் ஊற்றலாம். ஆயில் கலந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். கேனில் தேதியும் விகிதமும் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் வேறொருவர் பம்பில் ஊற்றிவிடாமல் இருக்கவும் அது உதவும்.

பெட்ரோலை எதில், எவ்வளவு வைத்திருக்கலாம்?

1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். பாத்திரத்தையும் சட்டமே சொல்கிறது: இறுக மூடிய உலோகக் கலம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல், கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல். குடிநீர் பாட்டிலுக்கு அதில் இடமில்லை. பங்க் ஊழியர் பாட்டிலில் பிடிக்க மறுத்தால் சண்டை போடாதீர்கள், அவர் செய்வது சரி.

சட்டம் இருக்கட்டும். குடிநீர் பாட்டிலில் வைத்த பெட்ரோலைத் தண்ணீர் என்று எண்ணிக் குழந்தை குடித்துவிடும் அபாயம் ஒன்றே போதும், அதைத் தவிர்க்க. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

ஐந்து லிட்டர் தகரக் கேன் ஒன்று ஒரு குடும்பத் தோட்டத்துக்குத் தாராளம். நிரப்பும்போது கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள், பைக்கின் மீது வைத்தல்ல. பெட்ரோல் பாயும்போது நிலைமின்னூட்டம் சேரும், தரையில் இருந்தால் அது இறங்கிவிடும். விளிம்புவரை நிரப்பாமல் விரிவதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

கருவியை வீட்டுக்குள் எங்கே வைப்பது?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியைப் பெட்ரோல் விடும் என்றால், நம் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே சமையலறையை ஒட்டிய அறை, விளக்கேற்றும் பூஜை அறைப் பக்கம், இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருக்கும் மூலை, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி உள்ள பம்பு அறை ஆகிய நான்கும் கூடாது. கடைசி இரண்டையும்தான் மக்கள் தேடித் தேடித் தேர்ந்தெடுக்கிறார்கள், ‘எல்லாச் சாமானும் ஒரே இடத்தில் இருக்கட்டும்’ என்று.

மாட்டுத் தொழுவத்தில் வைக்கோல் பக்கத்திலும் வேண்டாம். வேலை முடித்த கையோடு சூடான சைலன்சரை வைக்கோலில் சாய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உர மூட்டைக்கு அருகிலும் வைக்காதீர்கள், உப்புத்தன்மை இரும்பைத் தின்னும்.

தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவது நல்லது. எலிக்கு ரப்பர் குழாய் பிடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டி கூடு கட்டவும் பிடிக்கும். குளவிக்குச் சைலன்சரின் வாய் பிடிக்கும். மண் வைத்து அழகாக அடைத்துவிடும். நீங்கள் பெட்ரோலையும் பிளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோவீர்கள். சைலன்சர் வாயில் ஒரு துணியைச் செருகி, அதே துணியின் நுனியை ஸ்டார்ட்டர் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். எடுக்க மறக்க முடியாது. மேலே மூட பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் புடவை போதும்.

செயின்சாவுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

சங்கிலியையும் அது சுற்றி ஓடும் பட்டையையும் கழற்றி, பட்டையின் பள்ளத்தில் இறுகிய மரத்தூளைச் சுரண்டி எடுங்கள். சங்கிலி ஆயில் டேங்கையும் காலி செய்யுங்கள். நிற்கும்போது கொஞ்சம் கசிவது இயல்பு, பழுது அல்ல. சமையல் எண்ணெயை ஊற்றி ஓட்டியிருந்தால் கட்டாயம் காலி செய்யுங்கள். அது காய்ந்து கோந்தாகும். லாரியிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் கலந்திருக்கும் உலோகத்தூள் ஆயில் பம்பைத் தேய்க்கும், உங்கள் தோலுக்கும் கேடு.

புயலுக்கென்று வைத்திருக்கும் ஜெனரேட்டரை எப்படித் தயாராக வைப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் ஜெனரேட்டரை இழுத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைத் தேடினால் அவரும் தண்ணீரில்தான் நிற்பார்.

மாதம் ஒரு முறை, கால் மணி நேரம், இரண்டு மின்விசிறியும் விளக்குகளுமாகப் பாரம் கொடுத்து ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் போதாது. மின்சாரம் உண்டாக்கும் பகுதியும் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும். முடிக்கும்போது பெட்ரோல் அடைப்பானை மூடி, கார்புரேட்டர் காயும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். கேனில் உள்ள பெட்ரோலைப் பைக்கில் ஊற்றிப் புதிதாகப் பிடித்து வைத்தால் இருப்பு எப்போதும் புதிதாக இருக்கும். புரட்டாசி முடிவதற்குள் பிளக், ஆயில், குழாய் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

மழை நனைக்கிறதென்று ஜெனரேட்டரை அறைக்குள்ளோ மூடிய கார் ஷெட்டுக்குள்ளோ வைத்து ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை.

பழைய பெட்ரோலை என்ன செய்வது?

முதலில் முகர்ந்து, கண்ணாடிக் குவளையில் பாருங்கள். நிறம் மாறாமல், கூர்மையான மணத்தோடு இருந்தால் பைக்கின் நிறைந்த டேங்கில் சிறிதளவு சேர்த்து ஓட்டிவிடலாம். ஆயில் கலந்ததை பிஎஸ்6 எனும் இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் வண்டிகளில் ஊற்றாதீர்கள், புகையைச் சுத்திகரிக்கும் பகுதி பாழாகும். புளித்த அல்லது வார்னிஷ் நெடி, கருத்த நிறம், அடியில் தனி அடுக்கு, இவற்றில் ஏதாவது இருந்தால் எந்த எஞ்சினுக்கும் வேண்டாம். பாகங்கள் கழுவ மெக்கானிக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். சாக்கடையில், கிணற்றோரத்தில், எறும்புப் புற்றில், களையில் ஊற்றாதீர்கள். நம் குடிநீர் அந்த மண்ணுக்கு அடியிலிருந்துதான் வருகிறது. குப்பை கொளுத்த ஊற்றுவது அதைவிட மோசம். தீக்குச்சி கிழிப்பவர் முகத்தைத்தான் அது முதலில் பிடிக்கும்.

மழைக்குப் பிறகு எடுத்து ஸ்டார்ட் செய்கிறேன். பற்றவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சைலன்சர் துணியை எடுத்தீர்களா? ஆஃப் சுவிட்ச் சரியான பக்கம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

புதுப் பெட்ரோல் ஊற்றி, ரப்பர் குமிழை பெட்ரோல் நிறையும்வரை அழுத்தி, சோக் போட்டு இழுங்கள். ஒரு முறை வெடித்து நின்றால் சோக்கைப் பாதியாக்கி இழுங்கள். ஏழெட்டு இழுப்பில் வராவிட்டால் நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். அது சொல்லிவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வந்துவிட்டது: துடைத்து, துளையைச் சற்றுக் காயவிட்டு, சோக் இல்லாமல் இழுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்துசேரவில்லை: குழாயில் வெடிப்பு, டேங்கிற்குள் கிடக்கும் ஃபில்டரில் அடைப்பு, அல்லது விறைத்த டயபிராம்.

சோக் போட்டால் ஓடி, எடுத்ததும் நின்றுவிடுகிறதா? ஜெட்டில் பிசின். சோக் போட்டபடியே வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

கார்புரேட்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பொறுமையும் வெள்ளைத் துணி விரித்த மேசையும் இருந்தால் செய்யலாம். ஒவ்வொரு அடுக்கைக் கழற்றும்போதும் கைபேசியில் படம் எடுங்கள். டயபிராமும் கேஸ்கெட்டும் முன்பின் மாறினால் எஞ்சின் எழாது. துளைகளில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதுங்கள். ஊதும் முன் டயபிராமை எடுத்துவிட வேண்டும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை விகிதம் கெட்டு, பிறகு எந்த டியூனிங்கிலும் சரியாகாது. வெளியே உள்ள சிறு திருகுகளைத் திருப்பும் முன் அவை எத்தனை சுற்று திறந்திருந்தன என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். டயபிராம் கிட் பெரும்பாலான மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும். அதைப் போட்டும் சரியாகாவிட்டால் புதுக் கார்புரேட்டர் வாங்குவது சில மாடல்களில் மெக்கானிக் கூலியைவிட மலிவு.

பேட்டரி கருவிக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

பெட்ரோல் தொல்லை இல்லை. பேட்டரியைக் கழற்றி, பாதி அளவு சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். இரண்டு ஏக்கர் தோப்பில் இடுப்பளவு புல்லை வெட்ட இன்னும் பெட்ரோல்தான் கைகொடுக்கிறது.

பழைய பிரஷ் கட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் எழுகிறது என்பதே விலை. டேங்க் மூடியைத் திறந்து முகருங்கள். பெட்ரோல் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள், மொடமொடவென்று இருந்தால் மாற்ற வேண்டும். சைலன்சரைக் கழற்ற அனுமதித்தால் புகை வெளியேறும் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்கலாம். நீளவாக்கில் ஆழமான கீறல்கள் தெரிந்தால் அது ஏற்கெனவே ஆயில் இல்லாமல் ஓடிய எஞ்சின். விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.